'நைஸ்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ஒரே பக்கத்தில் ஆறு முறை 'நைஸ்' எழுதியிருந்தாள். ஆறையும் டீச்சர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார். "இந்தச் சொல்லுக்கு அப்படி என்னம்மா குறை?" என்கிறாள். இதன் வேர் யாருக்காவது தெரியுமா?

பதில்:
வேர் லத்தீன். 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அதற்குள் இருக்கிற 'ஸ்கிரே' என்றால் அறிதல். சயின்ஸ் பிறந்ததும் அதிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் முட்டாள்தனம். அப்புறம் கூச்சம், பிகு, நுணுக்கம் என்று மாறி மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற பொருளுக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இது.

இன்னொரு பதில்:
நுணுக்கம் என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நல்ல வேறுபாடு இல்லை, மயிரிழை வேறுபாடு. நம் வீட்டில் "மாவை நைஸா அரை" என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் நிற்கிற பொருள்.

கேட்டவர்:
சரி, மகளுக்குப் படித்துக் காட்டினேன். உடனே உட்கார்ந்து ஐந்தை மாற்றிவிட்டாள். பாட்டி அம்மியில் அரைத்த துவையல் பற்றிய வரியில் மட்டும் 'நைஸ்' அப்படியே இருக்கிறது.