'கடல் நம்ம வீட்டுக்குள்ள வந்துருமா?' என்று கேட்கிற மகளிடம் என்ன சொல்ல?

முட்டம்காரி:
மகள் ஐந்தாம் வகுப்பு. பருவநிலை மாற்றம் பாடத்துக்கு ஊரே தண்ணீருக்குள் போவது மாதிரி ஒரு வீடியோ போட்டார்களாம், அன்றிலிருந்து ராத்திரி அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவள் அப்பா கடல் தொழில், வீட்டில் 2004 சுனாமி, 2017 ஒக்கி பேச்செல்லாம் எப்போதும் உண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள் போல. 'ஒன்றும் ஆகாது, படு' என்றால் நம்புவதில்லை. இந்தப் பாடமே வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிடலாமா?

தேரூர் வாத்தியார்:
பாடத்தை நிறுத்தச் சொல்லாதீங்க அக்கா. 'ஒன்றும் ஆகாது' என்பதையும் விட்டுவிடுங்க, கரை அரிப்பைக் கண்ணால் பார்க்கிற பிள்ளையிடம் அது எடுபடாது. முதலில் மூன்றையும் பிரித்துச் சொல்லுங்க. சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, பருவநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒக்கி புயல், கடல் சூடாக ஆகப் புயல்கள் வலுக்கும் என்பது உண்மைதான். கடல்மட்டம் உயர்வது வேறு கதை, 1901 முதல் 2018 வரை உலக சராசரி சுமார் 20 செ.மீ. ஸ்கேலை எடுத்துக் காட்டுங்க. இப்போது வேகம் கூடியிருப்பதையும் மறைக்க வேண்டாம், ஆனால் ஒரே ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை என்பது அவளுக்கே விளங்கும். அப்புறம், தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், தயங்காமல் கூப்பிடுங்க.

மணக்குடி மாமா:
எங்க வீட்டுப் பையனுக்குக் கள்ளக்கடல்தான் பயம். இங்கே காற்றே இருக்காது, திடீரென்று அலை ஏறி வரும். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலில் கிளம்பிய அலைதான் நாள்கணக்கில் ஓடி இங்கே வருகிறது, ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் அதை முன்னாடியே கணித்து எச்சரிக்கை விடுகிறது என்று தெரிந்ததும், இப்போது அவனே போனில் பார்த்து எங்களுக்குச் சொல்கிறான்! ஒன்று மட்டும், 'நீ மரம் நட்டால் உலகம் பிழைக்கும்' என்று சின்னப் பிள்ளை தலையில் பாரத்தை ஏற்றுகிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. பழையாற்றுக் கழிமுகத்து அலையாத்திச் செடியைக் காட்டுங்க, நடட்டும், சந்தோஷம். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுப்பது பெரியவங்க வேலை என்றும் சேர்த்துச் சொல்லுங்க.

முட்டம்காரி:
ஸ்கேல் காட்டினேன். 'இவ்வளவுதானா?' என்றாள், வேகம் கூடியிருக்கு என்றதும் மறுபடி யோசனை. சரி, பேசவாவது செய்கிறாள். வாத்தியாரே, தேரூர் குளத்துக்குக் கூட்டி வந்தால் பறவை பார்க்கலாமா?

தேரூர் வாத்தியார்:
தாராளமா. 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடமாச்சே. காலையில் வெயில் ஏறும் முன் வாங்க, டிசம்பர், ஜனவரி என்றால் இன்னும் நல்லது. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்க.