டீ-ஷர்ட்டில் எழுத்து கழன்று விழுகிறது, அவசர உதவி தேவை

வரைகலைக்காரி | செவ்வாய், இரவு 11.42

எல்லோருக்கும் வணக்கம். நானே வரைந்த டீ-ஷர்ட்டுகளை இணையத்தில் விற்கிறேன். 50 அடித்து வாங்கினேன், 20 போய்ச் சேர்ந்துவிட்டன. இன்று ஒரே நாளில் ஆறு பேர் படம் அனுப்பியிருக்கிறார்கள். முதல் சலவையிலேயே எழுத்து கழன்றுவிட்டதாம். மிச்சமுள்ள 30ஐ ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி விழாவில் விற்க வேண்டும். மேலே ஏதாவது ஸ்ப்ரே அடித்தால் நிற்குமா? அச்சடித்துக் கொடுத்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நூல்கண்டு | 11.50

எந்த முறை அச்சு? என்ன துணி? எப்படித் துவைத்தார்கள்?

உப்பளம் | செவ்வாய், இரவு 11.58

தண்ணீரைப் பாருங்கள் சகோதரி. எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் எந்த அச்சும் ஆறு மாதம் தாண்டியதில்லை. பள்ளிச் சீருடையின் சின்னம்கூட வெளுத்துவிடும்.

வரைகலைக்காரி | புதன், நள்ளிரவு 12.07

சாதாரண அச்சுதான். கறுப்புத் துணி, வெள்ளை எழுத்து. தண்ணீராக இருக்காது, ஆறு பேரும் ஆறு ஊர்.

நூல்கண்டு | 12.15

சாதாரண அச்சு என்று ஒன்று கிடையாது. வலை கட்டிய சட்டத்தில் மை இழுத்தது ஸ்கிரீன். ஃபிலிமில் அடித்துப் பசைத்தூள் தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவது டிடிஎஃப். துணியின் மேலேயே இயந்திரம் அடிப்பது டிடிஜி. வெட்டி ஒட்டுவது வினைல். நான்கும் நான்கு விதமாகக் கெடும். கழன்ற இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். எல்லா எழுத்துமா, சில மட்டுமா?

முத்திரை (மூத்த உறுப்பினர்) | புதன், காலை 6.10

இதே கேள்வி இங்கே மாதம் மூன்று முறை வருகிறது. தேடல் பெட்டியை அழகுக்காக வைத்திருக்கிறார்கள் போலும். 50 துண்டு, ஒரே நிறம் என்றால் ஸ்கிரீன்தான் என்று தொழிலில் ஒரு வாரம் இருந்தவனுக்கும் தெரியும். பிளாஸ்டிசால் மை, 160 டிகிரி சூட்டில் கியூரிங், அவ்வளவுதான். அந்த மை வெயிலில் வைத்தால் காயாது, சூட்டில்தான் இறுகும். இறுகாவிட்டால் சலவையில் வெடிக்கும். டிடிஎஃப் என்று சொல்லித் தருவது வெறும் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை ஒட்டி விற்றுவிட்டு அது உரிகிறது என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

மாடித்தையல் | 6.32

சப்ளிமேஷனுக்கு மாறிவிடுங்கள் அக்கா. உரிவதற்கு மேலே எதுவும் இருக்காது, நிறம் துணிக்குள்ளேயே போய்விடும். நான் குவளைகளுக்கு அதைத்தான் செய்கிறேன். இரண்டு வருடமாக ஒரு புகார் இல்லை.

முத்திரை | 6.41

கறுப்புப் பருத்தியில் சப்ளிமேஷனா? அந்த முறையில் வெள்ளை மையே கிடையாது. பாலியெஸ்டரில், அதுவும் வெளிர் நிறத் துணியில்தான் நிற்கும். குவளையையும் பனியனையும் ஒன்றாக நினைத்தால் இப்படித்தான்.

நூல்கண்டு | 6.55

முத்திரை ஐயா, அது டிடிஎஃப் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை. நீங்கள் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள்.

வரைகலைக்காரி | புதன், காலை 8.20

படம் இணைத்திருக்கிறேன். வாசகம்: "சுக்கு காபி குடி, சரியாகிவிடும்". என் பாட்டி எல்லாவற்றுக்கும் சொல்லும் மருந்து. ஃபிலிமிலிருந்து ஒட்டியதாகத்தான் நினைவு. கிட்டத்தில் பார்த்த பிறகுதான் கவனித்தேன், எல்லா எழுத்தும் கழலவில்லை. புள்ளிகள் மட்டும்தான் போயிருக்கின்றன. இப்போது "சுககு காபி குடி, சரியாகிவிடும" என்று நிற்கிறது. ஒருவர் "இது எந்த ஊர்க் காபி" என்று கேட்டிருக்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பனியன் தாத்தா | புதன், காலை 9.05

அம்மா, நேற்று இரவே நீ சொல்லியிருக்க வேண்டியது இந்தப் புள்ளிதான். திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் அச்சுப் பட்டறையிலுமாக முப்பது வருடம் ஓட்டியவன் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

டிடிஎஃப்பில் மை நேரடியாகத் துணியைப் பிடிப்பதில்லை. ஈர மையின் மேல் தூவிய பசைத்தூள் உருகி, அதுதான் நூலிழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. "கு", "பி" எல்லாம் பெரிய உடம்பு. ஓரம் கொஞ்சம் தூக்கினாலும் நடுப்பகுதி விடாமல் பிடித்துக்கொள்ளும். புள்ளி அப்படியில்லை. கடுகளவு உடம்பு, அதில் முக்கால்வாசி ஓரம். துவைக்கும்போது கை உரசினால் முதலில் போவது அதுதான். இங்கிலீஷ் வாசகமாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு சலவைக்கு உனக்குத் தெரிந்தே இருக்காது. புள்ளி போனது முதல் மணி. அப்படியே விட்டால் "கு"வின் வாலும் பின்னாலேயே வரும். அதனால் புள்ளியைப் பெரிதாக்கினால் போதும் என்று நினைத்துவிடாதே.

இப்போது ஒன்று செய். புள்ளி இருந்த இடத்தை விரல்நகத்தால் தடவிப் பார். பசை சொரசொரவென்று துணியில் தங்கியிருந்தால், மைக்கும் தூளுக்கும் ஒட்டவில்லை, தூள் சரியாக உருகவில்லை என்று பொருள். துணி மொழுமொழுவென்று புதிதாக இருந்தால், பசை துணிக்குள் இறங்கவே இல்லை. சூடோ அழுத்தமோ நேரமோ குறைந்திருக்கும், இல்லையென்றால் உரித்த விதம் தவறு.

ஒற்றன் | 9.18

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "சுக்குக் காபி" என்றல்லவா வர வேண்டும்? வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். பட்டுப் புடவை, பாட்டுப் போட்டி, உப்புக் கண்டம். ஐம்பது பேர் நெஞ்சில் சுமந்து திரியப்போகும் வாசகம், அச்சுக்குப் போகும் முன் யாரிடமாவது காட்டியிருக்கலாம்.

மாடித்தையல் | 9.24

காபி என்ன தமிழ்ச் சொல்லா? அயல் சொல்லுக்கு முன்னால் ஒற்றுப் போட வேண்டும் என்று எங்கே இருக்கிறது?

ஒற்றன் | 9.27

"பத்துப் பைசா" என்று சொல்கிறீர்கள் அல்லவா? பைசா எந்தக் காலத்துத் தமிழ்?

உப்பளம் | 9.40

கடைப் பலகையில் எல்லாம் "சுக்கு காபி" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பேச்சில் வருகிற ஒற்றை எல்லாம் சட்டையிலும் போட்டால் திக்கித் திக்கிப் படிக்க வேண்டியிருக்கும்.

ஒற்றன் | 9.44

கடைப் பலகை இலக்கண நூல் அல்ல. உங்கள் கைபேசியிலும் "பருப்பு பொடி" என்றுதான் தட்டுவீர்களா?

உப்பளம் | 9.46

ஆமாம். பொடி ருசியாகத்தான் இருக்கிறது.

நூல்கண்டு | 9.51

அந்த ஒரு ஒற்று இருந்திருந்தால் அதன் புள்ளியும் விழுந்து "சுககுக காபி" ஆகியிருக்கும். விட்டதே நல்லது. வேலைக்கு வருவோம். தாத்தா சொன்னதைச் செய்து பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை | புதன், பகல் 12.30

அச்சைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இந்த ஆறு ஊரில் வெளி மாநிலம் உண்டா? ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். மாநிலம் தாண்டி ஒரு சட்டை போனாலும் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் பதிவுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அதிலும் மாநிலம் தாண்டக் கூடாது.

மாடித்தையல் | 12.52

டீ-ஷர்ட்டுக்கு 12 சதவீதம் என்று என் நண்பர் கட்டினாரே, சரியா?

கணக்குப்பிள்ளை | 1.04

என்ன விலைக்கு விற்றார் என்பதைப் பொறுத்தது. முன்பு 1000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை 5, அதைத் தாண்டினால் 18. சட்டை ஒன்றின் விலைதான் கணக்கு, மொத்த பில் அல்ல.

முத்திரை | 1.20

புள்ளி விழுந்த இழையில் வரி வகுப்பு நடக்கிறது. சிறப்பு.

வரைகலைக்காரி | புதன், மாலை 5.48

பெங்களூருக்கு இரண்டு போயிருக்கின்றன. ஐயோ. அதைப் பிறகு பார்க்கிறேன். தாத்தா, தடவிப் பார்த்தேன். துணி சுத்தமாக இருக்கிறது, பசையே இல்லை. 180 ஜிஎஸ்எம் கனம், முழுப் பருத்தி, பயோ வாஷ் (நொதியில் அலசி மென்மையாக்கியது) என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பனியன் தாத்தா | புதன், மாலை 6.15

முழுப் பருத்தியா என்று சொல்லி நம்ப வேண்டாம். கீழ் மடிப்பின் துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்து, தையல் நூலை அல்ல. காகிதம் எரிந்த வாசனையும் தொட்டால் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. நுனி சுருண்டு கறுப்பு மணி போல உறைந்தால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது.

அடுத்து, துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. உடனே உறிஞ்சினால் நல்லது. உருண்டை கட்டி நின்றால் மென்மைக்காகச் சிலிக்கான் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். தொட்டுப் பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும், வாங்குபவருக்குப் பிடிக்கும், பசைக்குப் பிடிக்காது.

இரண்டும் சரி என்றால் பட்டறையில்தான் கோளாறு. ஃபிலிமில் இரண்டு வகை. ஒன்றைச் சூட்டோடு உரிக்கலாம். மற்றதை நன்றாக ஆறவிட்டுத்தான் உரிக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துவிடுவார்கள். ஃபிலிமோடு பசையும் கொஞ்சம் எழும்பி வரும். கண்ணுக்கு ஒட்டியது போலவே இருக்கும். தண்ணீர் பட்ட பிறகுதான் தெரியும்.

ஸ்ப்ரே எதுவும் அடித்துவிடாதே. மிச்சம் 30ஐ ஹீட் பிரஸ்ஸில் மறுபடி அழுத்தச் சொல். மேலே பட்டர் பேப்பரோ டெஃப்லான் தாளோ போட்டு, 150 டிகிரி, 10 முதல் 15 விநாடி, அழுத்தம் கெட்டியாக. முதலில் சட்டையை அந்தத் தாளுக்குக் கீழே வைத்து ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு சட்டையை மட்டும் அப்படிச் செய்து, உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடு.

உப்பளம் | 6.40

வீட்டு இஸ்திரிப் பெட்டியில் செய்தால் ஆகாதா? நான் ஒருமுறை செய்தேன், நின்றது.

நூல்கண்டு | 6.52

ஒரு சட்டைக்கு நின்றிருக்கும். பெட்டியின் நீராவித் துளைகளுக்குக் கீழே சூடு இருக்காது, கை அழுத்தமும் ஒரே சீராக விழாது. சரியாக அந்த ஓட்டைக்குக் கீழேதான் "ம்" புள்ளி வரும், பாருங்கள்.

முத்திரை | 7.05

ஸ்கிரீனில் அடித்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்பதை மறுபடி பதிவு செய்கிறேன்.

நூல்கண்டு | 7.11

ஸ்கிரீனிலும் புள்ளி போகும் ஐயா. சட்டத்தில் மை அடைத்துக்கொண்டு நாற்பதாவது சட்டையில் "க்" வெறும் "க" ஆனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முத்திரை | 7.13

அது இழுப்பவர் குற்றம்.

பனியன் தாத்தா | 7.30

இதுவும் இழுத்தவர் குற்றம்தான் தம்பி, ஃபிலிமை உரித்து இழுத்தவர். அம்மா, படத்தை வைத்துப் பார்த்தால் உன் புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அடுத்த முறை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வை. தமிழ் எழுத்துருக்களில் சிலவற்றில் புள்ளி வெறும் வளையமாக இருக்கும், அதை உள்ளே நிரப்பிவிடு. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது புதுச் சட்டை அனுப்பு. அதில் மட்டும் கணக்குப் பார்க்காதே.

ஒற்றன் | 7.44

புதுச் சட்டை என்றால் ஒற்றையும் சேர்த்துவிடலாம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரைகலைக்காரி | சனி, இரவு 10.20

அச்சகத்துக்கு நேரிலேயே போனேன். ஆறவிட வேண்டிய ஃபிலிமைச் சூட்டோடு உரித்தார்களாம், புதுப் பையன் என்றார்கள். 30ஐயும் என் முன்னாலேயே மறுபடி அழுத்தித் தந்தார்கள். ஒன்றை இரண்டு முறை துவைத்தேன், புள்ளி நிற்கிறது. நன்றி தாத்தா, நூல்கண்டு அண்ணா. நாளை விழா, தூங்கப் போகிறேன்.

பனியன் தாத்தா | சனி, இரவு 10.41

ஐந்தாவது சலவைக்குப் பிறகு ஒரு வரி எழுது.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7.15

பெங்களூரு இரண்டைப் பற்றியும்.

கைவண்ணம் (புதிய உறுப்பினர்) | ஐந்து வாரங்களுக்குப் பிறகு

எனக்கும் இதே பிரச்சினை, எழுத்து உரிகிறது. உடனே தீர்வு சொல்லுங்கள்.

நூல்கண்டு | அதே நாள்

எந்த முறை அச்சு? என்ன துணி? எப்படித் துவைத்தீர்கள்?