அரிசி பூப்பதில்லை

வெள்ளவத்தையிலிருந்து வணக்கம்.

'wild rice pollen allergen' என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழில் 'காட்டரிசி மகரந்த ஒவ்வாமை' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. பூப்பது நெல், அரிசி அல்ல. ஆங்கிலத்தில் வயலில் நிற்பதற்கும் மூட்டையில் இருப்பதற்கும் கோப்பையில் போடுவதற்கும் 'rice' என்ற ஒரே சொல்லே போதும். நம்மிடம் நெல், அரிசி, சோறு என்று மூன்று இருக்கின்றனவே.

இது சொற்பிடிவாதம் இல்லை. இங்கே ஒரு கிளினிக்கில் அம்மாவுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். முடிவுத் தாளில் 'அரிசி மகரந்தம்' என்று எழுதியிருந்தது. அம்மா மகரந்தத்தை விட்டுவிட்டு அரிசியைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிழமை சோறே தொடவில்லை, பாணும் பருப்பும்தான். தும்மல் மட்டும் அப்படியே இருந்தது. 'நெல் மகரந்தம்' என்று எழுதியிருந்தால் வயற்பக்கம் போவதைப் பற்றி யோசித்திருப்பார், சோற்றுப்பானையைப் பற்றி அல்ல.

அடுத்தது 'காட்டு' என்ற அடை. வட அமெரிக்க ஏரிகளில் விளைந்து 'wild rice' என்ற பெயரில் விற்பனையாகும் சிசானியா, நெற்பேரினமே அல்ல. அதைச் சிசானியா என்றே எழுதுவோம். நெற்பேரினமான ஒரைசாவின் காட்டு வகைகள் நம் நாட்டிலேயே ஐந்து உண்டு. ஒரைசா ரைசோமாற்றிஸ் இலங்கைக்கு மட்டுமே உரியது. இன்னொன்றான ஒரைசா நிவாராவுக்குச் சொல் தேடவே வேண்டாம். நீவாரம் என்ற வடசொல்லுக்கு அகராதி தரும் தமிழ் 'குளநெல்'. குளக்கரையில் தானாக முளைத்து நிற்பதற்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

சரி, ஒவ்வாமையைக் கிளப்பும் பொருளுக்கு, அதாவது allergen என்பதற்கு, என்ன சொல்? 'ஒவ்வாப்பொருள்' என்றால் மகரந்தமணி முழுவதுமா, அதற்குள் இருக்கும் புரதமா என்று தெரியாது. நெல் மகரந்தத்தில் ஆய்வாளர்கள் ஒரை எஸ் 1 என்று குறிப்பது ஒரு புரதத்தை. கலச்சுவரைத் தளர்த்தும் பீட்டா எக்ஸ்பான்சின் வகை அது. இதே வகைப் புரதம் மற்றப் புற்களின் மகரந்தத்திலும் இருப்பதால், ஒரு புல்லுக்குத் தும்முபவர் இன்னொரு புல்லுக்கும் தும்மலாம். நம் பாடநூல்களில் antigen என்பதற்குப் பிறபொருளெதிரியாக்கி ஏற்கெனவே பழகிய சொல். அதே அச்சில் 'ஒவ்வாமையாக்கி' என்று வைத்தால் மாணவர்களுக்கு உடனே பிடிபடும்.

ஆகவே என் பரிந்துரை: பொதுவாகக் காட்டுநெல் மகரந்த ஒவ்வாமையாக்கி, நிவாராவைத் தனியே குறிக்கும்போது குளநெல். வயலுக்குள் புகுந்து விளைச்சலைக் கெடுப்பதைச் சிங்களத்தில் 'வல் வீ' என்பார்கள். அது வேறு, அதற்குக் 'களைநெல்' இருக்கட்டும். மட்டக்களப்பு, வன்னிப் பக்கத்து வயற்காரர்கள் இவற்றுக்கு வேறு பெயர் சொல்வதைக் கேட்டிருந்தால் எழுதுங்கள். அதையே முதலில் போடுவோம்.