பழைய ஹைலக்ஸுக்கு எந்தக் கியர் ஒயில் நல்லது?

அண்ணாமார், ஒரு உதவி. 1994 டொயோட்டா ஹைலக்ஸ், டீசல், ஐந்து கியர் மனுவல். அப்பா சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றின வண்டி, கைவிட மனமில்லை.

காலையில் இரண்டாம் கியர் போட்டால் கறகறவென்று உரசுகிறது; கொஞ்சத் தூரம் ஓடிச் சூடேறினால் சரி. கிளச் புதுசு. போனமுறை கராஜில் டிஃபரன்ஷலுக்கு (சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) விட்ட ஜிஎல்-5 தர ஒயிலையே கியர்பொக்ஸுக்கும் விட்டார்கள். நேற்று ட்ரெயின் நட்டைக் கழற்றினேன். வடிந்த ஒயிலில் பொன்தூள் மாதிரிப் பித்தளை மின்னியது, மனம் பதறிவிட்டது. ஜிஎல்-5இல் சேர்க்கிற கந்தகம் கியர் உரசாமல் விழ உதவுகிற சிங்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால் ஜிஎல்-4க்கு மாற நினைக்கிறேன். டிஃபரன்ஷலுக்கு ஜிஎல்-5தான், அதில் குழப்பமில்லை.

ஒயிலின் தடிப்பு எங்கள் வெயிலுக்கு 75டபிள்யூ-90 சரியா, 80டபிள்யூ-90 எடுக்கவா? யாழ்ப்பாணத்தில் நல்ல ஜிஎல்-4 எந்தப் பக்கம் கிடைக்கும், லீற்றர் என்ன விலை? இதே வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கோ.