குளிர்காலத்தில் கள்ளிகளுக்குத் தண்ணீர்: சுத்தமாக நிறுத்தணுமா?

தொட்டிக்காரன்:
ராத்திரி 4–5 டிகிரி வரை இறங்குது. திறந்த பால்கனி, மேலே கூரை இருக்கு, மழை படாது. மம்மிலேரியா, ரெபூஷியா, மெலோகாக்டஸ்னு கள்ளிகளும், லித்தாப்ஸ், எச்சிவேரியா, ஏயோனியம்னு சதைப்பற்றுள்ள மத்த செடிகளும் கலந்து வெச்சிருக்கேன். மம்மிலேரியாவுக்கு அடிப்பக்கம் சுருங்க ஆரம்பிச்சாச்சு, லித்தாப்ஸும் தொய்யுது. கொஞ்சம் தண்ணி காட்டவா, இல்ல எல்லாத்தையும் வீட்டுக்குள்ள ஜன்னலோரம் மாத்திடவா?

முள்மண்டை:
ரெண்டும் வேண்டாம். சுருங்கட்டும். உள்ளே நீர் குறையக் குறையச் சாறு அடர்த்தியாகும், அதுதான் குளிரைத் தாங்க வைக்கிறது. மண் காய்ஞ்சிருந்தா மம்மிலேரியாவும் ரெபூஷியாவும் 5 டிகிரியைச் சுலபமாத் தாண்டிடும். அதே குளிர்ல மண் ஈரமா இருந்தா வேர் தண்ணியை இழுக்காது, பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

20 டிகிரி அறைக்குள்ள கொண்டு போனீங்கன்னா வெளிச்சம் பத்தாம நுனி வெளிறி ஒல்லியா நீளும். அந்த ஒல்லி இடுப்பு பிறகு நிமிராது. ரெபூஷியாவுக்குக் குளிர் ஓய்வு கிடைக்கலேன்னா பூவும் குறையும்.

மெலோகாக்டஸை மட்டும் இன்னிக்கே உள்ளே எடுங்க. அதுக்கு 12–15 டிகிரிக்குக் கீழே ஆகாது. வேர் மொத்தமும் காய்ஞ்சு போகாத அளவுக்கு மாசம் ஒரு தடவை கொஞ்சம் தண்ணி.

கல்லிலை:
லித்தாப்ஸ்ல கை வைக்காதீங்க. நடுப் பிளவுக்குள்ள புது இலை ஜோடி உருவாகிட்டு இருக்கும், பழைய இலை ஜோடியோட நீரைத்தான் அது குடிக்குது. பழசு காகிதமா வத்துற வரை ஒரு சொட்டு கூடாது. இப்ப ஊத்தினா பழசு மறுபடி உப்பிக்கும், புதுசு நசுங்கும், ரெண்டு ஜோடி அடுக்கடுக்கா நிக்கும்.

ஏயோனியம் நேர்மாறு, குளிர் மாசங்கள்லதான் வளரும். மேல் மண் 3 செ.மீ. காய்ஞ்சதும், வெயில் அடிக்கிற நாள் காலையில ஊத்துங்க. 5 டிகிரிக்குக் கீழே போற ராத்திரி உள்ளே.

எச்சிவேரியாவுக்கு இலை தளர்ந்தா மட்டும் ஓரமா கொஞ்சம், நடு இலைக்கொத்துல தேங்கக் கூடாது. காய்ஞ்ச அடி இலைகளை இடுக்கியால எடுத்துடுங்க, மாவுப்பூச்சி அங்கேதான் ஒளியும்.

தொட்டிக்காரன்:
நன்றி. மம்மிலேரியாவுல இருக்கிறது வெறும் சுருக்கமா, அழுகலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முள்மண்டை:
அழுத்திப் பாருங்க. சுருக்கம்னா சுத்திலும் ஒரே மாதிரி இருக்கும், தொட்டா கெட்டி. அழுகல்னா ஒரு பக்கம் மெத்துன்னு அமுங்கும், நிறம் மாறியிருக்கும்.

அழுகல்தான்னா செடியைப் பிடுங்கி, 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்ச கத்தியால அடியிலிருந்து சீவிக்கிட்டே வாங்க. வெட்டுமுகத்துல, குறிப்பா நடு வளையத்துல, பழுப்புப் புள்ளி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடைக்கணும், இல்லேன்னா நீங்களே பரப்பிவிட்ட மாதிரி. மிஞ்சினதைக் காத்தோட்டமான, உலர்ந்த இடத்துல வெச்சிடுங்க. குளிர்ல வேர் விடாது, அதனால இப்பவே மண்ணுல வைக்க அவசரப்பட வேண்டாம்.

பிடுங்கும்போது வேர்ல வெள்ளைப் பஞ்சு தெரிஞ்சா அது வேர் மாவுப்பூச்சி. பக்கத்துத் தொட்டிகளையும் பாத்துடுங்க.

வெயில்கொடி:
மறுபடி தண்ணி தொடங்குறப்பதான் பலர் சொதப்புறாங்க. ராத்திரி 10 டிகிரிக்கு மேல நிலைச்ச பிறகு முதல்ல லேசான தெளிப்பு, ஒரு வாரம் விட்டு அரை அளவு, அப்புறம்தான் முழுசா. ரெபூஷியாவுல மொட்டுன்னு தெளிவாத் தெரியற வரை பொறுங்க, முந்தி ஊத்தினா மொட்டு பக்கக் குட்டியா மாறிடும். உள்ளே இருந்த மெலோகாக்டஸை நேரா வெயில்ல வைக்காதீங்க, ரெண்டு மூணு வாரம் நிழல்வலைக்கு அடியில பழக்குங்க. வெயில் சுட்ட தழும்பு போகவே போகாது.