ஸ்பிரிங் மாற்றியபின் ஏர் ரைஃபிள் லாக் ஆகவில்லை, ஸ்கோப்பும் நகர்கிறது – உதவி தேவை

ஆத்தூர்க்காரன்:
வணக்கம். ஏர் ரைஃபிளுக்குப் புது ஸ்பிரிங், புது பிஸ்டன் சீல் வாங்கிப் போட்டேன். இப்போது பேரலை முழுக்க மடக்கினாலும் பிஸ்டன் ட்ரிக்கர் கொக்கியில் மாட்டி லாக் ஆகவில்லை. அதற்கு முன்னாலேயே ஸ்கோப் வேறு சுடச்சுடப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கடையில் எல்லா மாடலுக்கும் சேரும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி:
என்ன மாடல்? ஸ்பிரிங் கம்பி எத்தனை மில்லிமீட்டர், எத்தனை சுற்று? பழைய ஸ்பிரிங் கையில் இருக்கிறதா?

அஸ்தம்பட்டி 4.5:
ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் என்ன அகலம்? எவ்வளவு தூரத்தில் சுடுகிறீர்கள்? என்ன பெல்லட் (குண்டு)?

பழைய குறி:
மாடல் பெயர் இல்லை, அளவு இல்லை, படம் இல்லை. "லாக் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் வைத்தியர்கூடச் சும்மாதான் இருப்பார். இங்கே இதே கேள்வி பல தடவை வந்துவிட்டது தம்பி. தேடிப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. ட்ரிக்கர் கொக்கி தேய்ந்திருக்கும், அதை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

கொண்டலாம்பட்டி:
பழைய குறி அண்ணா, நேற்றுவரை பிடித்த கொக்கி ஸ்பிரிங் மாற்றிய அன்றைக்கா தேயும்? முதலில் ஒரு சோதனை. ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிஸ்டனையும் ட்ரிக்கர் பகுதியையும் மட்டும் பூட்டி மடக்கிப் பாருங்கள். அப்போது 'டிக்' என்று பிடித்தால் கொக்கியில் ஒன்றும் இல்லை, குற்றம் ஸ்பிரிங் பக்கம்தான்.

ஓமலூர் ரோடு:
சீல் இறுக்கமாக இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு காற்று ஓட்டையில் விட்டால் சரியாகிவிடும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான்.

கொண்டலாம்பட்டி:
தயவுசெய்து வேண்டாம். பிஸ்டன் முன்னே பாயும்போது உள்ளே காற்று அழுந்திக் கடுமையாகச் சூடாகும். அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சின் மாதிரியே பற்றிக்கொள்ளும். சத்தம் அதிகமாகும், புகை வரும், சீல் கருகும், ஸ்பிரிங் முறியும். ஸ்பிரிங்குக்கும் அதற்குள் நிற்கும் கைடுக்கும் மாலிப்டினம் கலந்த மாலி கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். காற்று அறைக்குள் எண்ணெயே வேண்டாம்.

ஆத்தூர்க்காரன்:
பழைய உள்ளூர்த் தயாரிப்பு, சித்தப்பா கொடுத்தது. பேரலில் எழுத்து எல்லாம் அழிந்துவிட்டது. துளை 0.177 அங்குலம்தான். ஸ்பிரிங் இல்லாமல் மடக்கினால் பிடிக்கிறது. கம்பி கனம் அளக்க வெர்னியர் இல்லை.

அஸ்தம்பட்டி 4.5:
செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் போய்க் கேளுங்கள். கம்பி கனம் பார்க்க ஸ்க்ரூ கேஜ் வைத்திருப்பார்கள். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை கம்பியில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாலே வேறு ஸ்பிரிங் என்று அர்த்தம்.

நாகலூர் தோட்டம்:
இவ்வளவு கணக்கு எதற்கு? நல்ல கனமான ஸ்பிரிங்காகப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஏற்காட்டில் குரங்குகள் காப்பிப் பழத்தையும் கொய்யாவையும் ஒன்று விடாமல் நாசம் பண்ணுகின்றன. லேசான துப்பாக்கிக்கு அசைவதே இல்லை.

கொண்டலாம்பட்டி:
ஐயா, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் குரங்கைச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெல்லட் தோலுக்கடியில் தங்கிச் சீழ் வைத்து நாள்கணக்கில் அந்த உயிர் துடிக்கும். மந்தையும் போகாது. வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள். கூண்டு வைத்துப் பிடிக்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான்.

நாகலூர் தோட்டம்:
மனு கொடுத்துப் பாருங்கள் தெரியும். காட்டெருமை வேலியைச் சாய்த்துவிட்டுப் போனதற்கே இன்னும் யாரும் வரவில்லை. கீழே சேலத்தில் உட்கார்ந்து பேசுவது சுலபம்.

பழைய குறி:
கனமான ஸ்பிரிங் என்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலே போனாலோ, துளை 0.177 அங்குலத்துக்கு மேல் இருந்தாலோ ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். 8.44 கிரெய்ன் எடையுள்ள பெல்லட் என்றால் வினாடிக்கு 270 மீட்டரிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். 10 மீட்டர் போட்டி ரைஃபிள்கள் 175 மீட்டர் வாக்கில்தான் சுடும், ஏறத்தாழ 8 ஜூல். அதிலேயே அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிறார்கள். வேகம் அதிகமானால் குறி நன்றாக விழும் என்று யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ.

மேட்டூர் கரை:
ஸ்பிரிங்கை விட்டுவிட்டு வேறு மாதிரி போகலாமே? அமெரிக்கக் காணொளிகளில் ஒரு கம்பெனியின் மேல்பாகம், இன்னொரு கம்பெனியின் பேரல், மூன்றாவது கம்பெனியின் ட்ரிக்கர் என்று வாங்கி மேசையிலேயே செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைக் கோத்துவிடுகிறார்கள். நம் ஊரில் மட்டும் ஏன் ஒன்றும் ஒன்றோடு சேர மாட்டேன் என்கிறது?

அஸ்தம்பட்டி 4.5:
அங்கே சேர்வதற்குக் காரணம் பொது அளவு. ஸ்கோப் பூட்டத் துப்பாக்கி மேல் இருக்கும் வெட்டுப் பட்டை, பிக்காடினி ரெயிலையே பாருங்கள். 1995இல் அமெரிக்க ராணுவம் அளவைத் தீர்மானித்து வெளியிட்டது. வெட்டு 5.23 மில்லிமீட்டர், ஒரு வெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01. அதற்கு முந்தைய வீவர் ரெயிலில் வெட்டு குறுகல், இடைவெளியும் சீராக இருக்காது. அதனால் வீவர் மவுண்ட் பெரும்பாலும் பிக்காடினியில் உட்காரும், பிக்காடினி மவுண்ட் வீவரில் உட்காராது. ஏர் ரைஃபிள் ரெயிலை 11 மில்லிமீட்டர் என்கிறார்களே தவிர, நிஜத்தில் 9.5இலிருந்து 13 வரை வருகிறது, சரிவும் மாறுகிறது. மற்றபடி அந்த ஆசை இங்கே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிக்கக் கூடாது. பாகம் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இங்கே அந்த வேலை ஆகாது.

மேட்டூர் கரை:
சரி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ஆத்தூர்க்காரன்:
கம்பி 3.1 மில்லிமீட்டர், சுற்று 33. ஸ்பிரிங்கோடு ஒரு தொப்பி மாதிரி பாகம் வந்தது, அதன் விளிம்பு 4 மில்லிமீட்டர். பழைய வாஷரும் போட்டிருக்கிறேன், 5. மவுண்ட் பாக்கெட்டில் 20 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அலுமினியத் தகடு மடித்து வைத்து இறுக்கினேன்.

கொண்டலாம்பட்டி:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன் தம்பி! 3.1ஐ 33ஆல் பெருக்கினால் 102.3. சுற்றோடு சுற்று முட்டி அழுந்தினாலும் ஸ்பிரிங் அதற்குக் கீழே குறையாது. தொப்பி 4, வாஷர் 5 சேர்த்தால் 111.3. பிஸ்டன் லாக் ஆன நிலையில் அதன் உள் தலைக்கும் கைடின் அடித்தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். 111.3ஐ விடக் குறைவாக இருந்தால் எவ்வளவு பலமாக மடக்கினாலும் கொக்கி போய்ச் சேராது. பலம் கொடுத்தால் லீவர்தான் வளையும். ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். லாக் சந்தேகமாக இருக்கும்வரை பெல்லட் போடும்போது பேரலை மறு கையால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கொக்கி நழுவினால் பேரல் அறைந்து மூடும், பெல்லட் வைக்கிற விரல் போய்விடும். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் நெஞ்சில் முட்டுக் கொடுத்துக் கழற்றாதீர்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டும் பார்க்காதீர்கள், பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காது.

அஸ்தம்பட்டி 4.5:
ஸ்கோப்புக்கு வருகிறேன். 20 மில்லிமீட்டர் மவுண்ட் பிக்காடினிக்கு, உங்கள் ரெயில் பக்கங்கள் சரிந்த டவ்டெயில். தகடு வைத்தால் இரண்டு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் குதிக்கும். குதிக்கும்போது ஸ்கோப் பின்தங்கும், அதனால்தான் பின்னால் நகர்கிறது. உங்கள் ரெயில் அகலத்துக்குச் சரியான டவ்டெயில் மவுண்ட், அடியில் நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ளதாக வாங்குங்கள். ரெயிலின் மேல் சின்னக் குழி இருக்கிறதா பாருங்கள், பின் அதில் இறங்க வேண்டும். மவுண்ட் வளையம் 25.4ஆ 30 மில்லிமீட்டரா என்று ஸ்கோப் குழாயைப் பார்த்து வாங்குங்கள். இரு பக்க உதையையும் தாங்கும் ஏர்கன் ஸ்கோப்தானா என்பதையும் பாருங்கள்.

பழைய குறி:
10 மீட்டர் போட்டிக்குத் தயாராகிறார் என்றால் ஸ்கோப்பே வேண்டாமே. சர்வதேச விதிப்படி ஏர் ரைஃபிளில் தொலைநோக்கி அனுமதி இல்லை, சின்னத் துளை வழியே குறி பார்க்கும் பீப் சைட்தான். 2008இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் அடித்ததும் அப்படித்தான்.

அஸ்தம்பட்டி 4.5:
போட்டி என்று அவர் எங்கே சொன்னார்? பயிற்சி என்றார்.

பழைய குறி:
பழகுவதையே சரியாகப் பழகலாம் என்கிறேன்.

ஓமலூர் ரோடு:
பீப் சைட் வைக்கவும் அதே ரெயில்தானே? அகலம் சேராவிட்டால் அதுவும் நகரும்.

பழைய குறி:
அது உண்மை.

ஆத்தூர்க்காரன்:
உள்ளே இடம் 108 இருக்கிறது. வாஷரை எடுத்துவிட்டேன், லாக் ஆகிறது. மவுண்ட் திருப்பி அனுப்பிவிட்டேன். நன்றி அண்ணா.

கொண்டலாம்பட்டி:
106.3 ஆச்சு, 1.7 மிச்சம். சரி. ரெயில் அகலத்தையும் அளந்து இங்கே போடுங்கள், மவுண்ட் பார்த்துச் சொல்கிறோம். கிளப்பில் பெல்லட் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் வேகத்தையும் ஒரு தடவை பாருங்கள், புது ஸ்பிரிங் 20 ஜூலுக்குள் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

நாகலூர் தோட்டம்:
அந்தக் கூண்டு மனு எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், ஏற்காட்டிலேயே வாங்குவார்களா?

கொண்டலாம்பட்டி:
ஏற்காடு வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள் ஐயா. பயிர்ச் சேதத்தின் படங்களும் பட்டா நகலும் வையுங்கள், கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.