வளவுக் கூரை ஒழுகுகிறது, சிலிக்கான் அடித்தும் நிற்கவில்லை. வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர் வீடு:
எல்லோருக்கும் வணக்கம். தாத்தா காலத்து வீடு. வளவு, அதாவது வீட்டு நடு முற்றம், மேலே திறந்தேதான் இருந்தது. குரங்குத் தொல்லையும் சாரலும் தாங்காமல் சில வருடம் முன்பு இரும்புச் சட்டம் அடித்து, வெளிச்சம் வருகிற மாதிரி பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். இப்போது பெருமழை பிடித்தால் தென்மேற்கு மூலையில், ஓட்டுச் சரிவு வந்து முடிகிற இடத்துக்குக் கீழே தண்ணீர் கொட்டுகிறது. தூறலுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துத் தேக்கு உத்தரம் கறுத்துவிட்டது, கீழே ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இன்னொன்று, மார்கழியில் மழையே இல்லாத காலையிலும் சில நாள் ஷீட்டிலிருந்து சொட்டியது. போட்டுக் கொடுத்தவர் வந்து விளிம்பு பூராவும் சிலிக்கான் அடித்துவிட்டுப் போனார், அடுத்த மழையிலேயே மறுபடியும் கொட்டியது. ஐப்பசி மழைக்குள் சரி செய்தாக வேண்டும். பேசாமல் ஷீட்டைப் பிரித்துவிடலாமா என்று ஆச்சி கேட்கிறார்கள்.

காரைக்குடி வெல்டிங்:
முதலில் ஸ்க்ரூ எல்லாவற்றையும் பாருங்கள். ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஷீட்டும் வெயிலுக்கு நீளும், 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி ஏற்ற இறக்கத்துக்குக் கிட்டத்தட்ட 8 மி.மீ. நகரும். ஸ்க்ரூவைவிடத் துளை பெரிதாக இருக்க வேண்டும், இறுக்கி அடித்திருந்தால் துளையைச் சுற்றிக் கீறல் விட்டிருக்கும்.

தேவகோட்டை கூரை வேலை:
வாஷரைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்று நினைக்கிறேன். தூறலுக்கு இல்லை, பெருமழைக்குத்தான் கொட்டுகிறது என்கிறீர்கள். ஓட்டை என்றால் பெரும்பாலும் தூறலுக்கும் கசிந்து காட்டிக் கொடுத்துவிடும். இது நிரம்பி வழிகிற தண்ணீர் மாதிரி இருக்கிறது. நம்ம ஊர் வளவில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்துக்குள்தான் விழும், அங்கிருந்து தூம்பு வழியாக வெளியேறும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். மேலே மூடிவிட்டால் அவ்வளவு தண்ணீரையும் ஷீட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற தகரக் கால்வாய் தாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 60 மி.மீ. மழை பெய்தால் நிமிடத்துக்கு 100 லிட்டர். ஒரே ஒரு இரண்டு அங்குலக் குழாய் வைத்துவிட்டு, அதிலும் வேப்பிலை அடைத்துக்கொண்டால் உத்தரத்தின் மேல்தான் வழியும்.

நம்புவதற்கு முன்னால் சோதித்துவிடுங்கள். மழை இல்லாத நாளில் ஹோஸ் பிடித்து, ஒருவர் மேலே ஒருவர் கீழே. கீழிருந்து மேலாகப் போக வேண்டும்: முதலில் கால்வாய், அப்புறம் ஷீட்டின் கீழ் விளிம்பு, அப்புறம் ஸ்க்ரூ வரிசை, கடைசியில் சுவர் ஓரம். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடமாவது நில்லுங்கள். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடிவிடும், எது உள்ளே விட்டது என்று தெரியாது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள், சட்டத்தோடு ஓடிவந்து வேறு இடத்தில் விழும்.

மார்கழிச் சொட்டு வேறு சமாச்சாரம். அது வேர்வை. இரவில் ஷீட் குளிர்ந்துபோக, வீட்டுக்குள் இருக்கிற ஈரக் காற்று அதில் பட்டு நீராகிறது. எத்தனை சிலிக்கான் அடித்தாலும் நிற்காது, காற்றுப் போக வழி விட்டால்தான் நிற்கும்.

பள்ளத்தூர் வீடு:
அண்ணே, சோதித்துப் பார்த்தோம். ஷீட், ஸ்க்ரூ, சுவர் ஓரம் எதிலும் கசிவு இல்லை. கால்வாயில் தண்ணீர் விட்டதும் குழாய் இருக்கிற பக்கம் போகாமல் தென்மேற்கு மூலைக்கே திரும்பி வந்து தேங்குகிறது. அடியில் வண்டலும் உடைந்த ஓட்டுச் சில்லும். மெதுவாக ஏறி, உத்தரத்துப் பக்கமாக வழிந்தது. குழாய் நீங்கள் சொன்ன மாதிரி ஒன்றுதான்.

தேவகோட்டை கூரை வேலை:
அப்படியென்றால் ஷீட்டைப் பிரிக்க வேண்டாம், ஆச்சியிடம் சொல்லுங்கள். கால்வாயைக் கழற்றி அகலமாகச் செய்து, குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்து மாட்டுங்கள். தென்மேற்கு மூலையில் இன்னொரு குழாய், இரண்டுமே நாலு அங்குலம், நேராகப் பழைய தூம்பில் இறக்கிவிடுங்கள். அந்தத் தூம்பு அடைபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முக்கியமானது, முற்றத்துப் பக்க விளிம்பு உத்தரத்துப் பக்க விளிம்பைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கட்டும். எப்போதாவது அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் முற்றத்தில் விழும், தேக்கில் விழாது. நூறு வருடம் நின்ற பர்மா தேக்கு, அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும். ஷீட்டைச் சட்டத்தோடு ஒரு முழம் உயர்த்தி, ஓட்டுக்கு வெளியே நன்றாக நீட்டி, சுற்றிலும் வலை அடித்தால் வேர்வையும் போகும், குரங்கும் வராது.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, கல்லில் பூத்த உப்புக்கு ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதே. ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல், ஆசிட் பட்டால் பூ வேலைப்பாடே அரித்துப்போகும். கசிவு நின்ற பிறகு உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் துடை. அடியில் ஈரம் இருக்கிறவரை திரும்பப் பூக்கும், பயப்படாதே. சுவர் பெயர்ந்திருந்தால் சிமெண்டு வைத்து அடைக்கவும் விடாதே. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனாராகப் பார்.

பள்ளத்தூர் வீடு:
சரி ஆச்சி. நன்றி அண்ணே. பங்காளிகள் எல்லோரும் செலவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், இந்த இழையை அவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். கால்வாய்க்கு ஜி.ஐ. தகரமா (துத்தநாகம் பூசிய இரும்பு), அலுமினியமா, எது நல்லது?

தேவகோட்டை கூரை வேலை:
அலுமினியம் துரு பிடிக்காது, ஆனால் சுண்ணாம்பு ஈரம் பட்டால் அரிக்கும். சுவரைத் தொடாமல் மாட்ட முடியும் என்றால் அதையே போடுங்கள்.